பிளைவுட்டில் ஆறு பாட்டில் ஒயின் ரேக்: கணக்கைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

புதுச்சேரியில் பழைய செங்கல் வீடு ஒன்றில் வசிக்கும் நண்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான். சமையலறை அலமாரி வேலை முடிந்தபின் 18 மி.மீ. பிளைவுட்டிலும் 12 மி.மீ. பிளைவுட்டிலும் சில துண்டுகள் மிச்சமாகிவிட்டன. அவற்றைக் கொண்டு ஆறு ஒயின் பாட்டில்கள் படுத்த நிலையில் இருக்கும்படி, சுவரில் மாட்டக்கூடிய ஒரு சிறிய ரேக்கைத் தம் கையாலேயே செய்ய விரும்புகிறார். டிரில்லிங் மெஷினும் கைவாளும் உண்டு, பெரிய இயந்திரங்கள் எதுவும் இல்லை. எந்த அளவில் அறுப்பது, எப்படி இணைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய சுவர் அதைத் தாங்குமா என்பது அவருடைய ஐயம்.

கடைசியாகக் கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ரேக்கின் வடிவத்தையே அதுதான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் பலகையில் தொடங்கிச் சுவரில் முடிக்கிறார்கள். நானும் என் முதல் ரேக்கை அப்படித்தான் செய்தேன். பாட்டிலின் அடிப்பாகம் சுவரைப் பார்க்கவும் கழுத்து அறையை நோக்கி நீளவும் அமைத்த, பார்வைக்கு அழகான ரேக் அது. மூன்றாவது வாரத்தில், திருகாணியைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளக்குகளில் மேல் வரிசை இரண்டும் காரையோடு பெயர்ந்து வந்துவிட்டன. துளையைப் பார்த்தபோதுதான் பிளக் முழுவதும் சுவர்ப் பூச்சுக்குள்ளேயே நின்றிருந்தது, செங்கல்லைத் தொடவே இல்லை என்பது தெரிந்தது. உடைந்தது ஒரே ஒரு பாட்டில்தான். ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஊறிய சிவப்பு ஒயினின் கறை, இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் மேலே தெரிந்துகொண்டே இருந்தது.

அந்த அனுபவத்துக்குப் பின் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். 750 மி.லி. ஒயின் நிறைந்த ஒரு பாட்டில், கண்ணாடியின் கனத்தைப் பொறுத்து, 1.2 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். ஒன்றுக்கு ஒன்றரை கிலோ என்று வைத்தால் ஆறு பாட்டிலுக்கு 9 கிலோ, ரேக்கின் சொந்த எடை ஏறத்தாழ 4 கிலோ, ஆக 13 கிலோ. செங்கல் சுவருக்கு இது பெரிய பாரமே இல்லை. ஆனால் அந்த 13 கிலோவும் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதுதான் விஷயம். பாட்டில்கள் சுவருக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருந்தால் பாரத்தின் மையம் சுவரிலிருந்து சுமார் 17 செ.மீ. தள்ளி விழும்; அப்படிப்பட்ட ரேக் பெரும்பாலும் 25 செ.மீ. உயரமே இருக்குமாதலால், மேல் திருகாணிகளை வெளியே பிடுங்கும் விசை 10 கிலோவை நெருங்கிவிடும். அதே ஆறு பாட்டில்களைச் சுவருக்கு இணையாகப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படி போல அடுக்கினால், மையம் சுமார் 10 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும், ரேக்கின் உயரமும் 76 செ.மீ. ஆகிவிடும். அப்போது மேலே பிடுங்கும் விசை ஏறத்தாழ 2 கிலோ மட்டுமே. மீதிப் பாரமெல்லாம் நேர் கீழ்நோக்கி இறங்குகிறது, அதைத் தாங்குவது சுவருக்கு எளிது. பழைய சுவர் என்பதால் உங்களுக்கு இந்த இரண்டாவது வடிவத்தையே அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன்.

வடிவம் மிக எளிமையானது. 18 மி.மீ. பிளைவுட்டில் 760 மி.மீ. உயரமும் 150 மி.மீ. அகலமும் கொண்ட இரண்டு பக்கப் பலகைகள்; அவற்றுக்குப் பின்னால் 12 மி.மீ. பிளைவுட்டில் 208 மி.மீ. அகலமுள்ள ஒரு முதுகுப் பலகை. மேலும் கீழும் 172 மி.மீ. நீளமும் 150 மி.மீ. அகலமும் உள்ள இரண்டு குறுக்குத் துண்டுகள். ஒரு பக்கப் பலகையில் பாட்டிலின் உடம்பு நுழையும் பெரிய துளைகள் ஆறு, மற்றதில் கழுத்து நுழையும் சிறிய துளைகள் ஆறு. பாட்டிலைப் பக்கவாட்டில், கழுத்து முன்னே போகும்படி, பெரிய துளை வழியாக உள்ளே தள்ளினால் கழுத்து எதிர்ப்பக்கச் சிறிய துளையில் போய் உட்காரும். சுமார் 300 மி.மீ. நீளமுள்ள பாட்டிலின் அடிப்பக்கம் ஒருபுறம் 51 மி.மீ., வாய்ப்பக்கம் மறுபுறம் 41 மி.மீ. வெளியே தெரியும். எடுக்கும்போது கை வைக்க அதுவே பிடிமானம். பாட்டிலை உருவி எடுக்கப் பெரிய துளைப் பக்கம் ஒரு முழம் வெற்றுச் சுவர் இருக்க வேண்டும் என்பதை இடம் பார்க்கும்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு நிலைக்கு ஒட்டி மாட்டிவிட்டு, பிறகு பாட்டில் நுழையாமல் ரேக்கையே கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துளையின் அளவை ஏன் இப்படி வைக்கிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நேரான தோள் கொண்ட போர்தோ வகைப் பாட்டிலின் விட்டம் ஏறத்தாழ 73 முதல் 76 மி.மீ.; தோள் சரிந்து இறங்கும் பர்கண்டி வகை 82 மி.மீ. வரை போகும். 89 மி.மீ. துளை இரண்டுக்கும் போதும். வட்டமாக அறுக்கும் ஹோல் சா செட்டுகளில் பெரும்பாலும் 38 மி.மீ., 89 மி.மீ. இரண்டுமே இருக்கும் என்பதால் தனியாக வாங்கவும் தேவையில்லை. நுரைக்கும் ஒயின் பாட்டில் மட்டும் இதில் நுழையாது. உள்ளே 5 முதல் 6 வளிமண்டல அழுத்தம் இருப்பதால் அதன் கண்ணாடி கனமாகவும் விட்டம் 88, 89 மி.மீ. ஆகவும் இருக்கும். அப்படி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும் என்றால், எல்லாவற்றுக்கும் கீழே உள்ள துளையை மட்டும் 102 மி.மீ. ஆகவும், அதற்கு எதிரே கழுத்துத் துளையை 51 மி.மீ. ஆகவும் போட்டுக்கொள்ளுங்கள். கனமான பாட்டில் கீழே இருப்பதும் நல்லதே.

துளை மையங்கள் 120 மி.மீ. இடைவெளியில், பலகையின் அகலத்துக்கு நட்ட நடுவில், அதாவது விளிம்பிலிருந்து 75 மி.மீ. உள்ளே வர வேண்டும். முதல் மையம் மேல் விளிம்பிலிருந்து 80 மி.மீ. கீழே. இப்படிப் போட்டால் துளைக்கும் துளைக்கும் நடுவே 31 மி.மீ. மரமும், முன்பின் விளிம்புகளில் 30 மி.மீ. மரமும் நிற்கும். இதற்கும் வெகுவாகக் குறைத்தால் என்றாவது ஒருநாள் விளிம்பில் அடுக்குப் பிரியும்.

இனி ஒரு சிறிய நுணுக்கம். பெரிய துளையில் பாட்டில் அடியில் போய் உட்காரும்போது அதன் அச்சு துளை மையத்துக்கு 6.5 மி.மீ. கீழே இறங்குகிறது, சிறிய துளையில் 29 மி.மீ. கழுத்து உட்காரும்போது அச்சு 4.5 மி.மீ. மட்டுமே இறங்குகிறது. இரு மையங்களையும் ஒரே மட்டத்தில் வைத்தால் கழுத்து 2 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும், பாட்டில் மெல்ல மெல்ல அடிப்பக்கமாக நகர்ந்து வெளியே வரப் பார்க்கும். ஆகவே கழுத்துத் துளைகளின் மையத்தை 4 மி.மீ. கீழே இறக்குங்கள். அப்போது கழுத்து 2 மி.மீ. தாழ்ந்து, ஒயின் கார்க்கைத் தொட்டபடி இருக்கும். பாட்டிலும் தன் எடையாலேயே தோள் பக்கம் சாய்ந்து அடங்கி நிற்கும். இதைத் தனித்தனியாக அளந்து குறிக்க வேண்டியதில்லை. இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கழுத்துப் பலகையை மட்டும் 4 மி.மீ. மேலே தள்ளி கிளாம்ப் போட்டு இறுக்கி, பெரிய துளைப் பலகையில் குறித்த மையங்கள் வழியாக 6 மி.மீ. டிரில் பிட்டால் இரண்டையும் சேர்த்துத் துளைத்துவிடுங்கள். பிரித்து நேர்ப்படுத்தினால் 4 மி.மீ. வித்தியாசம் ஆறு துளைகளிலும் தானாக அமைந்துவிடும். இந்த 6 மி.மீ. துளைகளே பிறகு ஹோல் சாவுக்கு வழிகாட்டி.

பலகையைப் பற்றி. மிச்சமான துண்டு என்பதால் அது எந்தத் தரம் என்று பின்பக்க முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். அதில் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். வகையும், கொதிநீரைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையும் உண்டு. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்; அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. உள்ளறைச் சுவரில் மாட்டும் இந்த ரேக்குக்கு மரைன் அவசியமில்லை. ஆனால் கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரே வியர்க்கும் வீட்டில், எம்.ஆர். வகையை விட பி.டபிள்யூ.ஆர். வகையே நல்லது. முத்திரையைவிட முக்கியமானது பலகையின் விளிம்பு. அறுத்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளடுக்குகளில் கறுப்பாகத் தெரியும் சந்துகள் இருந்தால் அங்கே உள்மரம் இல்லை என்று பொருள். முகத்தில் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனாலும் அந்த இடத்தில் ஓசை மாறும். அப்படிப்பட்ட இடம் துளையின் கீழ் வளைவில் வராதபடி பலகையைத் திருப்பிப் போட்டு அறுங்கள், ஏனென்றால் பாட்டில் உட்காருவது அந்த வளைவில்தான்.

அறுப்பதற்கு மரக்கடையிலோ பிளைவுட் கடையிலோ கொடுப்பதாக இருந்தால் அளவுகளை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். நம் ஊர் ஆசாரிமார் அங்குலமும் நூலுமாகக் கணக்கிடுவார்கள், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வாயால் சொன்னால் மாற்றும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்விடும், இந்த வேலையில் அது தெரியும். வாள் தின்னும் 3 மி.மீ. அளவையும் ஒவ்வொரு கோட்டுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கப் பலகைகளில் மேல்முகத்தின் இழை நீளவாக்கில், மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

ஹோல் சாவால் துளைப்பதுதான் இந்த வேலையிலேயே அதிகக் கவனம் வேண்டும் இடம். 89 மி.மீ. பல்வட்டம் பலகையில் சிக்கிக்கொண்டால் டிரில் உங்கள் மணிக்கட்டைத் திருப்பிவிடும். ஆகவே பக்கக் கைப்பிடியை மாட்டி, பலகையை மேசையோடு இரண்டு கிளாம்ப்களால் இறுக்கி, வேகத்தை மிகக் குறைத்து, அழுத்தாமல் துளையுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். துளைக்கத் தொடங்கும்முன் பல்வட்டத்தின் தடத்தை லேசாகப் பதியவைத்து, அந்தத் தடத்தைத் தொட்டுக்கொண்டு உள்பக்கமாக ஒரு 10 மி.மீ. துளை போட்டுவிடுங்கள். அறுபடும் தூள் வெளியேற இடமில்லாமல் தடத்துக்குள்ளேயே சுழன்று சூடேறுவதால்தான் பிளைவுட் கருகிப் புகைகிறது. இந்தச் சிறு துளை வழியாகத் தூள் கீழே கொட்டிவிடும், நேரமும் பாதியாகும். ஒரு முகத்திலிருந்து பாதி ஆழம் அறுத்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி மறுமுகத்திலிருந்து முடியுங்கள். ஒரே பக்கமாக முழுவதும் இறக்கினால் வெளியேறும் பக்கத்தில் மேலடுக்கு சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்துவிடும்.

துளைத்து முடித்ததும் உள்வளைவில் ஏதேனும் சந்து தெரிந்தால், வெள்ளைப் பசையில் அதே பலகையின் மெல்லிய மரத்தூளைக் குழைத்து அப்பி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு 75 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றில் 80 எண் உப்புத்தாளைச் சுற்றித் துளைக்குள் விட்டுத் தேய்த்தால் வளைவு கெடாமல் வழவழப்பாகும். அடுத்து 120, 180 எண் தாள்கள். துளையின் இரு விளிம்புகளையும் 2 மி.மீ. அளவுக்கு மழுங்கடிப்பதை விட்டுவிடாதீர்கள். கூரான விளிம்பு ஒவ்வொரு முறை உருவும்போதும் பாட்டிலின் லேபிளைச் சுரண்டும்.

இணைப்புக்கு வருவோம். பிளைவுட்டின் முகத்தில் திருகாணி நன்றாகப் பிடிக்கும், விளிம்பில் பிடிக்காது. விளிம்பில் ஏறும் திருகாணி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஆப்பு போல நுழைந்து அவற்றைப் பிரிக்கவே பார்க்கிறது. இயந்திரம் இருந்தால் காடி (பலகை உட்காரும் நீளப் பள்ளம்) எடுத்துப் பலகையைப் பொருத்தலாம். உங்களிடம் இல்லாததால் 20 மி.மீ. சதுர ரீப்பர் கட்டையை முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் உள்மூலையில் மேலிருந்து கீழ் வரை வையுங்கள். நன்கு காய்ந்த தேக்கு ரீப்பராக இருந்தால் நல்லது. இரு முகங்களிலும் பசை தடவி, ரீப்பர் வழியாகப் பக்கப் பலகைக்குள் 32 மி.மீ. திருகாணியும், முதுகுப் பலகைக்குப் பின்னாலிருந்து ரீப்பருக்குள் 25 மி.மீ. திருகாணியும் போடுங்கள். இரண்டும் ரீப்பருக்குள் ஒன்றையொன்று முட்டாதபடி இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இவ்வாறு செய்தால் எந்தத் திருகாணியும் பிளைவுட்டின் விளிம்பில் ஏறாது, வெளியிலிருந்து ஒரு திருகாணித் தலையும் தெரியாது. துளையின் பின்விளிம்பு முதுகுப் பலகையிலிருந்து 30 மி.மீ. தள்ளி இருப்பதால் 20 மி.மீ. ரீப்பர் பாட்டிலுக்கு இடைஞ்சலாக வராது. மேல், கீழ்க் குறுக்குத் துண்டுகளையும் இதே முறையில் சிறு ரீப்பர் துண்டுகள் வைத்து இணையுங்கள். கூடு மூலைமட்டத்துக்கு நேராக நிற்பது அவற்றால்தான். பசை இறுகுமுன் கூட்டின் இரண்டு குறுக்கு மூலை அளவுகளையும் அளந்து ஒன்றாக்குங்கள். மழைக்காலத்தில் வெள்ளைப் பசை காயச் சோம்பேறித்தனம் காட்டும், ஆகவே கிளாம்பை ஒரு நாள் முழுக்க எடுக்காதீர்கள்.

மெருகு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பாலீஷ் என்றாலே பல இடங்களில் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பிரெஞ்சு பாலீஷைத்தான் சொல்வார்கள். மேசை நாற்காலிக்கு அது அருமையான மெருகு, ஆனால் ஒயின் ரேக்குக்கு ஆகாது. அரக்கு எதில் கரைந்ததோ அதே சாராயம்தான் ஒயினிலும் 12, 13 சதவீதம் இருக்கிறது. வழிந்த துளியை உடனே துடைக்காவிட்டால் மெருகில் வெண்படலம் விழும். இதற்குப் பாலியூரித்தேன் தெளிவு வார்னிஷே ஏற்றது. மூன்று கைகள் பூசி, ஒவ்வொரு கைக்கும் நடுவே 240 எண் தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். துளைகளின் உள்வளைவும் பலகை விளிம்புகளும் முகத்தைவிட இரட்டிப்பாக உறிஞ்சும், அங்கே ஒரு கை கூடுதல். விளிம்பின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரிவது எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் முன்விளிம்பில் தேக்கு பீடிங் என்னும் மெல்லிய பட்டையை ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது சுவர். ரேக்கை நேரடியாக முதுகுப் பலகை வழியே திருகிவிடலாம், ஆனால் உங்கள் வீட்டுக்கு அதைவிடச் சிறந்தது பிரெஞ்சு கிளீட் என்ற முறை. 18 மி.மீ. பிளைவுட்டில் 200 மி.மீ. நீளமும் 120 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டையை நீளவாக்கில், 45 பாகை சாய்வாக, நடுவே இரண்டாக அறுக்க வேண்டும். அறுக்கும் கடையிலேயே இதையும் செய்து வாங்கிவிடுங்கள், கைவாளில் இந்தச் சாய்வு சீராக வருவது கடினம். ஒரு பாதியைச் சாய்வு மேலே பார்க்கும்படியும், சாய்வின் கூர்முனை அறைப்பக்கம் இருக்கும்படியும் சுவரில் திருகுகிறோம். சுவருக்கும் அந்தச் சாய்வுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டாகும். மறு பாதியைத் தலைகீழாக ரேக்கின் முதுகில் மேற்பகுதியில் பசையும் திருகாணியும் போட்டுப் பதிக்கிறோம். ரேக்கைத் தூக்கி மேலிருந்து இறக்கினால் அந்தக் கூர்முனை பள்ளத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். பாட்டில்களின் எடை ஏற ஏற ரேக் சுவரோடு இன்னும் நெருங்குமே தவிர விலகாது. முதுகின் கீழ்ப்பகுதியில் அதே 18 மி.மீ. பலகையில் ஒரு துண்டை ஒட்டினால்தான் ரேக் செங்குத்தாக நிற்கும், இதை மறப்பவர்கள் அதிகம். இந்த முறையில் ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே 18 மி.மீ. காற்றோட்டம் கிடைக்கிறது. ஈரம் ஏறும் பழைய சுண்ணாம்புச் சுவரில், கரையான் பயம் உள்ள ஊரில், முதுகுப் பலகை சுவரைத் தொடாமல் நிற்பது பெரிய நன்மை.

துளையிடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மின்பலகைக்கு நேர் மேலும் கீழும் உள்ள பட்டையைத் தவிர்த்துவிடுங்கள், மின்கம்பிக் குழாய்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும். சுவரின் மறுபக்கம் குளியலறை என்றால் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டே கை வையுங்கள். 8 மி.மீ. கல் துளைக்கும் பிட்டால் துளைக்கத் தொடங்கியதும் கீழே விழும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். முதல் 12, 15 மி.மீ. வரை சாம்பல் அல்லது வெண்ணிறத் தூள் வரும், அது பூச்சு. அதன்பின் செந்நிறத் தூள் வந்தால் செங்கல்லுக்குள் இறங்கிவிட்டீர்கள். செந்நிறம் வராமல் வெண்தூளே தொடர்ந்து, பிட்டும் எதிர்ப்பின்றி உள்ளே போனால், அது இரண்டு செங்கற்களுக்கு நடுவே உள்ள சுண்ணாம்புச் சாந்து. அந்தத் துளையைக் கைவிட்டு 30 மி.மீ. மேலோ கீழோ நகருங்கள். பழைய சாந்தில் பிளக் நிற்காது. பழைய செங்கல் மென்மையானது என்பதால் டிரில்லின் ஹாமர் முறையை, அதாவது இடித்துக்கொண்டே துளைப்பதை, நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளைத்தால் துளை வாய் விரியாது.

மொத்த ஆழம் சுவர்முகத்திலிருந்து 65 மி.மீ. தேவை. பிட்டில் அந்த அளவில் ஒரு டேப் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். 8 மி.மீ. விட்டமும் 40 மி.மீ. நீளமும் உள்ள நைலான் பிளக்கைச் செருகியபின், ஒரு ஆணியின் தலையால் தட்டிப் பூச்சைத் தாண்டி இன்னும் 15 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும், அதன் ஒரு பகுதிகூடப் பூச்சில் இருக்கக் கூடாது. என் முதல் ரேக்கை விழ வைத்தது இந்த 15 மி.மீ.தான். கிளீட்டின் 18, பூச்சின் 15, பிளக்கின் 40 மூன்றையும் கூட்டினால் 73 வரும். ஆகவே 5 மி.மீ. கனமும் 75 மி.மீ. நீளமும் உள்ள திருகாணி வாங்குங்கள். மூன்று திருகாணிகள் போதும், அவற்றில் இரண்டு தனித்தனிச் செங்கற்களில் இறங்குவது நல்லது. கிளீட்டை இறுக்கும்முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நாம் கழுத்துக்குக் கொடுத்த 2 மி.மீ. தாழ்வு, கிளீட் சாய்ந்தால் காணாமல் போய்விடும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏ.ஏ.சி. பிளாக் சுவர் இருக்கலாம். வெளிர் நிறத்தில், நகத்தால் கீறினாலே தூள் உதிரும் அந்த இலேசான கல்லில் சாதாரண பிளக் பிடிக்காது. அதற்கென்றே அகலமான சிறகுகளோடு வரும் நைலான் பிளக்கைக் கேட்டு வாங்கி, ஹாமர் இல்லாமல் துளைக்க வேண்டும். கான்கிரீட் தூணோ உத்தரமோ கிடைத்தால் அதைவிட உறுதி வேறில்லை.

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதில் ஒயினின் பக்கமும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஒயினை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்த 12, 13 பாகை செல்சியஸ் வெப்பநிலை வேண்டும்; புதுச்சேரி வீட்டுக் கூடத்தில் பங்குனி தொடங்கி ஆவணி வரை பகலில் 30 பாகையை எளிதாகத் தொட்டுவிடும். ஆகவே இந்த ரேக், சில வாரங்களில் திறக்கப்போகும் பாட்டில்களுக்கான இடம் மட்டுமே. விலையுயர்ந்ததை, நாள்படக் காக்க நினைப்பதை இதில் வைக்காதீர்கள். மாலை வெயில் ஏறும் மேற்குச் சுவர், அடுப்புக்கு மேல், குளிர்பெட்டியின் வெப்பம் அடிக்கும் பக்கம் மூன்றும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் வடக்குப் பார்த்த சுவரோ, சன்னலுக்கு எதிர்ப்படாத நடுச்சுவரோ தேர்ந்தெடுங்கள். தெளிவான கண்ணாடியில் வரும் வெள்ளை ஒயின்களுக்கு வெளிச்சம் சுவையையே கெடுக்கும். பாட்டிலைப் படுக்கவைப்பது கார்க் காய்ந்து சுருங்காமல் இருக்கத்தான். நாசிக், நந்தி மலைப் பக்கங்களிலிருந்து வரும் இந்திய ஒயின்களில் திருகுமூடி போட்டவை ஏராளம். அவற்றைப் படுக்கவைக்க வேண்டிய அவசியமே இல்லை, வைத்தால் கெடுதலும் இல்லை. ரேக்கின் மேல்விளிம்பு தரையிலிருந்து சுமார் 1.8 மீட்டர் உயரத்தில் அமைந்தால் கீழ்ப்பாட்டில் ஒரு மீட்டருக்கு மேலேயே நிற்கும், தவழும் குழந்தைக்கு எட்டாது.

மாட்டிய அன்றே ஒயினை ஏற்ற வேண்டாம். ஆறு காலிப் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, கீழ்த் துளையிலிருந்து தொடங்கி மேலாக ஏற்றுங்கள். சுவர்க் கிளீட்டின் இரு முனைகளிலும், அதன் கீழ்விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கோடு கிளீட்டின் விளிம்பைத் தொட்டபடியே தெரிந்தால் பிளக்குகள் செங்கல்லைப் பிடித்துக்கொண்டன, தண்ணீரை ஊற்றிவிட்டு ஒயினை ஏற்றலாம். கோடு கிளீட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ, கிளீட்டின் மேற்புறம் சுவரை விட்டுத் தாள் நுழையும் அளவு விலகியிருந்தாலோ, ரேக்கைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அந்தத் துளையைச் சிமெண்டால் அடைத்து, பக்கத்துச் செங்கல்லில் புதிதாகத் துளையிடுங்கள்.